மூன்று வண்டிக்கு ஒரு வெப்சைட்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேசியதைப் பேசியபடியே, அங்கங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன்.)



மூத்த குடிமக்களுக்கான டெபாசிட் திட்டங்கள் பற்றித்தான் செயலாளர் முதலில் பேசச் சொன்னார். அதைப் பேச இந்தக் குடியிருப்பில் ஆள் நிறைய உண்டு. எல்லோருக்கும் வட்டி விகிதம் மனப்பாடம். அதனால் வேறொரு விஷயத்துக்கு அனுமதி வாங்கிக்கொண்டேன். இரண்டு மூன்று கார் வைத்து நடத்தும் சின்ன டிராவல்ஸுக்கு வெப்சைட் எப்படி அமைக்க வேண்டும் என்பதுதான் அது.

இதில் நமக்கென்ன என்று பின்வரிசையில் ஒருவர் கேட்பது காதில் விழுகிறது. சார், டிராவல்ஸ் நடத்துகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மீதிப் பேர் அவர்களுடைய வாடிக்கையாளர்கள். ஏர்போர்ட்டுக்கு, ராமேஸ்வரத்துக்கு, பேரனுக்கு மொட்டை போடப் பதினெட்டாம்படிக்கு என்று வருடத்தில் நாலு தடவை வண்டி பிடிக்காத வீடு இங்கே இல்லை.

அழகர்கோவில் சாலையில் மூன்று வண்டி ஓட்டுகிற ஒருவர் போன மாதம் ஒரு கொட்டேஷனைக் கொண்டுவந்து காட்டினார். பெயர் வேண்டாம். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். வங்கியில் இருந்த ஆளுக்குக் காகிதம் படிக்கத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. மொத்தம் இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுக்க அழகு: ஓடுகிற படங்கள், சுழல்கிற லோகோ, பின்னணியில் வீடியோ. இரண்டாம் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: ‘டொமைன், ஹோஸ்டிங் முதல் ஆண்டு இலவசம்.’ கடன் பத்திரம் படிக்கிறவன் கண் அடியில் உள்ள சின்ன எழுத்துக்குத்தான் முதலில் போகும். எனக்கும் அங்கேதான் நின்றது.

டொமைன் என்பது வெப்சைட்டின் விலாசம். ‘டாட் காம்’, ‘டாட் இன்’ என்று முடிகிற பெயர். ஹோஸ்டிங் என்பது அந்த வெப்சைட் தங்கியிருக்கும் கம்ப்யூட்டருக்கு நாம் கொடுக்கும் வாடகை. வாடகை வீட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். விலாசம் அப்படியல்ல. அதை விலைக்கு வாங்கி வைத்துக்கொள்ளவும் முடியாது. ஒரு வருடத்துக்கோ சில வருடங்களுக்கோ நம் பெயரில் பதிவு செய்து, கெடு தீரும் முன் புதுப்பித்துக்கொண்டே வரவேண்டும். யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர். இலவசமாகக் கொடுப்பவர் பெரும்பாலும் தம் பெயரிலேயே பதிந்துவிடுகிறார்.

இந்த மனிதருக்கு இது இரண்டாவது வெப்சைட். முதலாவதை ஐந்து வருடத்துக்கு முன் வேறொருவர் செய்து கொடுத்தார். முதல் வருடம் இலவசம், இரண்டாம் வருடம் ஒரு தொகை, மூன்றாம் வருடம் அதைப் போல மூன்று மடங்கு. ‘ஏன் சார்?’ என்று கேட்டால் பதில் இல்லை. ‘சரி, விலாசத்தை என் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள்’ என்றதும் போனும் எடுபடவில்லை. கடைசியில் ஒரு நாள் அந்த விலாசத்தைத் தட்டினால் யாரோ ஒருவருடைய விளம்பரம் வந்து நின்றது. மூன்று கார்களின் பின்கண்ணாடியிலும் பில் புத்தகத்திலும் விசிட்டிங் கார்டிலும் அவர் அச்சடித்து வைத்திருந்த விலாசம் அது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அம்மா அப்பாவுக்கு வண்டி புக் செய்ய அதைத்தான் குறித்து வைத்திருந்தார்கள். அந்த வருடம் சித்திரையில் அவருக்கு வழக்கமாக வரும் வெளியூர்க் குடும்பங்களில் பாதிப் பேர் வரவில்லை. போட்டியால் போனார்களா, விலாசம் போனதால் போனார்களா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

பி.காம் படித்தவர்களுக்குக் கூட்டு வணிகக் கணக்கில் குட்வில் என்று ஒன்று வரும். தமிழ்ப் பாடப்புத்தகத்தில் நற்பெயர் என்று போட்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத சொத்து, ஆனால் ஆஸ்திப் பக்கத்தில் எழுதுவோம். இவருடைய நற்பெயரில் ஒரு பகுதி, வேறொருவர் பெயரில் பதிவான ஒரு சொல்லுக்குள் இருந்திருக்கிறது.

ஏதோ ஒரு சின்ன ஆள் செய்த வேலை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பெரிய இடத்திலும் வேறு விதமாக இதே கதை நடந்தது. 2017 ஜனவரியில் டெல்லியில் சுந்தர் பிச்சை, நம் மதுரையில் பிறந்தவர்தான், சிறு வியாபாரிகளுக்குக் கூகுள் இலவசமாக வெப்சைட் தரும் என்று அறிவித்தார். போனிலேயே பத்து நிமிடத்தில் செய்துகொள்ளலாம். இந்திய மொழிகளிலும் உண்டு. டீக்கடை முதல் டிராவல்ஸ் வரை பலர் செய்துகொண்டார்கள். ‘பிசினஸ் டாட் சைட்’ என்று முடிகிற விலாசங்களைப் பார்த்திருப்பீர்கள். 2024 மார்ச்சில் கூகுள் அந்தச் சேவையை மொத்தமாக நிறுத்தியது. அதே ஆண்டு ஜூன் 10 வரை பழைய விலாசத்தைத் தட்டினால் அந்தக் கடையின் கூகுள் பக்கத்துக்குப் போனது, அதன் பிறகு அதுவும் இல்லை. கூகுள் யாரையும் ஏமாற்றவில்லை, முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் மூடியது. ஆனால் அச்சடித்த போர்டு போர்டுதானே? கூகுள் மேப்பில் கடையைப் பதிந்து வைப்பது இன்றும் இலவசம், அவசியமும் கூட. அதைச் செய்யுங்கள். கண்ணாடியில் ஒட்டுகிற விலாசம் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

‘டாட் இன்’ விலாசத்துக்கு வருடத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்தான் ஆகும். முதல் வருடம் நூறு, இருநூறு என்று ஆசை காட்டுவார்கள். புதுப்பிக்கும் தொகை எவ்வளவு என்று பாருங்கள், அதுதான் உண்மையான விலை. வேலை செய்து கொடுப்பவரை வீட்டுக்கு வரச் சொல்லி, உங்கள் மின்னஞ்சல், உங்கள் செல் நம்பர், உங்கள் கார்டு என்று மூன்றையும் போட்டு உங்கள் எதிரிலேயே பதியச் சொல்லுங்கள். ஓடிபி உங்கள் போனுக்கு வரவேண்டும். பாஸ்வேர்டை எழுதி ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸ் இருக்கும் கோப்பிலேயே வைத்து, வீட்டம்மாவிடமும் சொல்லி வையுங்கள். நாமினி போடாத டெபாசிட்டுக்காகக் குடும்பங்கள் அலைந்ததைக் கவுன்டருக்கு இந்தப் பக்கமிருந்து நிறையப் பார்த்தவன் சொல்கிறேன்.

சொந்த வெப்சைட் எதற்கு, பெரிய ஆப்களில் சேர்ந்துகொண்டால் போதாதா என்று இவரே கேட்டார். சேரலாம், சவாரி வரும், கமிஷனும் போகும். ஆனால் பெரிய தளத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஓட்டல்காரர்கள் கதை இருக்கிறது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்-கோஐபிபோ குழுமத்துக்கு 223 கோடியே 48 லட்ச ரூபாய் அபராதம் விதித்தது. காரணங்களில் ஒன்று, ஓட்டல்கள் தங்கள் சொந்த வெப்சைட்டில்கூட அறை வாடகையைக் குறைத்துச் சொல்லக்கூடாது என்று ஒப்பந்தத்தில் போட்டிருந்தது. என் கடையில் என் பொருளுக்கு நான் விலை சொல்லக்கூடாது! சொந்தக் கடை என்று ஒன்று இருக்கிறவனைப் பார்த்துத்தான் இப்படி ஒரு நிபந்தனையே போடத் தோன்றும். மூன்று வண்டிக்காரருக்கும் அப்படி ஒரு கடை இருப்பது நல்லது.

சரி, அந்தக் கடைக்குள் என்ன இருக்க வேண்டும்? கொட்டேஷனின் முதல் பக்கத்தில் இருந்த ஓடுகிற படங்களையும் வீடியோவையும் பேனாவால் அடித்துவிட்டேன். அழகர்மலை அடிவாரத்தில் நின்று, சிக்னல் ஒரு கோடு காட்டும்போது, ஐந்து வருடப் பழைய போனில் அந்தப் பக்கம் திறக்க வேண்டும். முதல் திரையில் பெரிய எழுத்தில் போன் நம்பர், தொட்டால் அழைப்பு போகவேண்டும். பக்கத்திலேயே வாட்ஸ்அப். ஐஆர்சிடிசி வெப்சைட் 2002-ல் வந்தபோது டிக்கெட்டைக் கூரியரில்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தத் தளத்தை அழகு என்று ஒருவரும் சொன்னதில்லை, ஆனாலும் ஊரே அதில்தான் போய் நின்றது. வேண்டியது அங்கே கிடைத்தது.

டிராவல்ஸ் வெப்சைட்டில் வேண்டியது கட்டண விவரம். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வண்டிக்காரருக்கும் நமக்கும் நடக்கிற சண்டையில் முக்கால்வாசி இங்கேதான் பிறக்கிறது.

நான் பார்த்த பத்துப் பதினைந்து உள்ளூர் வெப்சைட்டுகளில் ‘கிலோமீட்டருக்கு இவ்வளவு முதல்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ‘முதல்’ என்ற சொல்லில்தான் எல்லாம் ஒளிந்திருக்கிறது. ஒரு கணக்குப் பார்ப்போம். கிலோமீட்டருக்கு 14 ரூபாய், டிரைவர் பேட்டா நாளுக்கு 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். போக வர 340. நம் வீட்டில் என்ன கணக்குப் போடுவோம்? 340 பெருக்கல் 14, 4,760 ரூபாய். பேட்டாவோடு 5,260. அக்னி தீர்த்தம், தனுஷ்கோடி எல்லாம் பார்த்துவிட்டு ஒரு இரவு தங்கி மறுநாள் வருகிறோம். பில் 8,000 ரூபாய். டோலும் பார்க்கிங்கும் தனி.

ஏமாற்றவில்லை. வெளியூர் டிரிப்புக்கு நாளுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்பது தொழிலில் உள்ள வழக்கம். இரண்டு நாளுக்கு 500 கிலோமீட்டர், அதற்கு 7,000 ரூபாய், இரண்டு நாள் பேட்டா 1,000. வண்டி ஓடாமல் நின்றாலும் அவருக்குக் கடன் தவணை நிற்காது, ஆகவே நியாயமான வழக்கம்தான். ஆனால் முன்னாலேயே எழுதி வைக்காததால் 2,740 ரூபாய் வித்தியாசம் வாசலில் வந்து சண்டையாக நிற்கிறது. டிரைவர் தம்பி பாவம், அவர்தான் திட்டு வாங்குகிறார்.

இன்னும் உண்டு. கிலோமீட்டர் நம் வாசலிலிருந்து தொடங்குகிறதா, வண்டி நிற்கிற ஷெட்டிலிருந்தா? நாள் என்றால் 24 மணி நேரமா, இரவு 12 மணிக்கு அடுத்த நாளா? இரவு பதினொன்றுக்குக் கிளம்பி விடியற்காலை திருச்செந்தூர் போகிறவருக்கு இது ஒரு நாள் வாடகை வித்தியாசம். ஒரு வழி டிராப் என்றால் திரும்பி வரும் காலி ஓட்டத்துக்குக் காசு உண்டா? மலை ஏறினால் தனியா? ஏசி போட்டால் அதே விலைதானா? இவை அத்தனைக்கும் ஒவ்வொரு வரியில் தமிழில் பதில் இருக்க வேண்டும். கீழே மாதிரிக் கணக்கு இரண்டு: ‘ராமேஸ்வரம் ஒரே நாளில்’, ‘ராமேஸ்வரம் ஒரு இரவு தங்கி’. இதை ஒரு பக்கம் போட்டுவிட்டால் மீதி வெப்சைட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பேன்.

மேலும், முதலில் குறைந்த விலையைக் காட்டிவிட்டுக் கடைசியில் ஒவ்வொன்றாகச் சேர்ப்பதை மத்திய அரசின் 2023 நவம்பர் வழிகாட்டுதல் ஏமாற்று வடிவமைப்பு என்றே சொல்கிறது. ‘ஒரே ஒரு வண்டிதான் பாக்கி, சீக்கிரம்’ என்று பொய் அவசரம் காட்டுவதும் அதே பட்டியலில் இருக்கிறது. மொத்தம் 13 வகை. கொட்டேஷனில் ‘கவுன்ட்டவுன் டைமர்’ என்று ஒரு அயிட்டம் இருந்தது. அதையும் அடித்தாயிற்று.

நம் பக்கத்துக்கென்றே சில உண்டு. இவரிடம் வருகிற சவாரியில் பெரும்பகுதி அழகர்கோவில், பழமுதிர்ச்சோலை, ராக்காயி அம்மன் கோயில். மதுரையிலிருந்து 21 கிலோமீட்டர்தானே என்று எல்லோரும் கிலோமீட்டர் கணக்கிலேயே கேட்பார்கள். ஆனால் கருப்பணசாமி சன்னதியில் மொட்டை, காதுகுத்து, அப்புறம் கிடா வெட்டி, சமைத்து, பந்தி முடிந்து கிளம்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். ஓடியது ஐம்பது கிலோமீட்டர், நின்றது பத்து மணி நேரம். ‘8 மணி நேரம், 80 கிலோமீட்டர்’ என்கிற பேக்கேஜில் இங்கே முக்கியம் முதல் பாதி. கூடுதல் மணிக்கு எவ்வளவு என்பதைத்தான் பெரிதாகப் போட வேண்டும். ரெடிமேட் வெப்சைட்டில் இதற்கு இடமே இருக்காது. கோவாவுக்கும் மணாலிக்கும் செய்த அச்சு அது. தனியாக வடிவமைப்பது என்றால் வண்ணத்தை மாற்றுவது இல்லை, இதற்கு இடம் விடுவதுதான்.

அதுபோலச் சித்திரைத் திருவிழா. எதிர்சேவை நாளிலும் அழகர் ஆற்றில் இறங்கும் நாளிலும் மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் வழியாகக் கார் எங்கே போகும்? அந்த நாட்களில் எங்கே ஏற்றுவோம், எங்கே இறக்குவோம், ரயிலுக்கு எத்தனை மணி நேரம் முன்னால் கிளம்ப வேண்டும் என்று ஒரு அறிவிப்பு முதல் பக்கத்தில் வர வேண்டும். அதை இவரே போனிலிருந்து மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வரி மாற்ற ஒவ்வொரு முறையும் டிசைனருக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. கொட்டேஷனில் இதைக் கேட்டு எழுதி வாங்கினோம்.

கொடைக்கானலும் அப்படித்தான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. அதை வண்டிக்காரர் எடுப்பாரா, நாம் எடுக்க வேண்டுமா? வெப்சைட்டில் ஒரு வரி இருந்தால் வத்தலக்குண்டு தாண்டிய பிறகு முழிக்க வேண்டாம்.

பெயர் விஷயம் ஒன்று. அழகர் என்பதை ஆங்கிலத்தில் சிலர் ஒற்றை எல் போட்டு எழுதுகிறோம், சிலர் இசட்-ஹெச். கோயிலா கோவிலா என்பது அடுத்த குழப்பம். விலாசத்தில் இந்தச் சொல்லை வைத்தால் போனில் சொல்லிப் புரிய வைப்பதற்குள் வாடிக்கையாளர் அடுத்த டிராவல்ஸுக்குப் போய்விடுவார். பேரனிடம் போனில் ஒரு தடவை சொல்லி, அவன் சரியாக எழுதினால் அந்தப் பெயரை வையுங்கள். பக்கத்துக்குள்ளே வேண்டுமானால் எல்லா எழுத்துமுறையும், தமிழிலும், வரட்டும். தேடுகிறவர் எப்படி அடித்தாலும் கிடைக்கும்.

அடுத்தது அட்வான்ஸ். 2025 ஏப்ரலில் மத்திய உள்துறையின் கீழ் உள்ள இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் யாத்ரீகர்களுக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்தது. கேதார்நாத் ஹெலிகாப்டர், சோம்நாத் விடுதி, வாடகைக் கார் என்று போலி வெப்சைட் போட்டு முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிறார்கள் என்று. பார்வைக்கு அவை அசலைவிட அழகாகவே இருக்கும். அப்படியானால் நேர்மையான சின்ன வண்டிக்காரர் தன்னை எப்படிப் பிரித்துக் காட்டுவது?

நான் சொன்னது: கடை இருக்கும் முழு விலாசம், மேப்பில் இடம், உரிமையாளர் பெயர், உதயம் பதிவு எண், ஜிஎஸ்டி இருந்தால் அதுவும். வண்டிப் படங்கள் கூகுளில் எடுத்த பளபள இன்னோவா வேண்டாம். இவருடைய வண்டியே, மஞ்சள் போர்டு தெரிகிற மாதிரி, பின்னால் நமக்குத் தெரிந்த மூன்றுமாவடி தெருவோடு. ஓன் போர்டு வண்டியில் வாடகைக்குப் போய் விபத்து என்றால் இன்ஷூரன்ஸில் சிக்கல் என்பது நம் பலருக்கே தெரியாது. பணம் வாங்குவது டிராவல்ஸ் பெயரில் உள்ள கரன்ட் அக்கவுன்ட்டில். யுபிஐயில் பணம் அனுப்பும்போது வங்கிக் கணக்கில் உள்ள பெயரையே காட்ட வேண்டும் என்று 2025 ஜூன் கடைசியிலிருந்து விதி இருக்கிறது. வெப்சைட்டில் ஒரு பெயர், போனில் வேறு பெயர் வந்தால் நாம் அங்கேயே நிறுத்திவிடலாம். மச்சான் கணக்கு, டிரைவர் கணக்கு எல்லாம் வேண்டாம் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில் என்பதையும் எழுத வேண்டும். கார்டில் பணம் வாங்கும் வசதி கேட்டால் பேமென்ட் கேட்வே நிறுவனங்களே இந்தப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுமதிக்கிறார்கள். இவருக்கு இப்போதைக்குக் கேட்வே தேவையில்லை. க்யூஆர் போதும், கட்டணமும் இல்லை. ஆதார் நகலை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடலாம். பெயர், போன், ஏறும் இடம், நேரம், எத்தனை பேர். ஏர்போர்ட் போக இதற்கு மேல் எதற்கு?

இப்போது கொட்டேஷன் திருத்தி வந்திருக்கிறது. வீடியோ போய்விட்டது, தொகையும் குறைந்திருக்கிறது. டொமைன் அவர் பெயரில், அவர் கார்டில். வேலை முடிந்ததும் எல்லா பாஸ்வேர்டும் எழுத்தில் ஒப்படைக்க வேண்டும், பாக்கித் தொகை அதன் பிறகுதான் என்று ஒரு ஷரத்து சேர்த்திருக்கிறோம். டிசைனர் சின்னப் பையன், நல்ல பிள்ளை, முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போட்டான். பழைய விலாசம் திரும்பக் கிடைக்கவில்லை. கண்ணாடி ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டப் போகிறார்.

கட்டணப் பக்கத்தின் வரைவு என்னிடம் இருக்கிறது, பிரின்ட் எடுத்து வந்திருக்கிறேன். படித்துப் பார்த்து எது புரியவில்லை என்று பென்சிலில் குறித்துக் கொடுங்கள். வண்டிக்காரருக்கும் எனக்கும் அது புரிவதில் ஆச்சரியமில்லை, வண்டி பிடிக்கிற உங்களுக்குப் புரிய வேண்டும். டெபாசிட் பற்றிய கேள்விகளைச் செயலாளரிடம் கேட்கவும்.